சாயம் கலந்த பாலிமரின் நேரியலற்ற ஒளியியல் பண்பை அளப்பது எப்படி: தகடு வார்ப்பது முதல் இழை வரை முழுமையான வழிகாட்டி

பிளாஸ்டிக் ஒளியிழையின் உட்கருவில் ஒரு சாயத்தைக் கலந்தால், செறிவான ஒளி படும்போது அதன் ஒளிவிலகல் எண் மாறும். எவ்வளவு மாறுகிறது, எதனால் மாறுகிறது என்று அளப்பதுதான் இங்கே வேலை. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் இந்த அளவீட்டைப் பழகும் மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கருவியை இயக்கத் தெரியாமல் யாரும் தோற்பதில்லை. படிகளின் வரிசையை மாற்றிச் செய்வதால்தான் தோற்கிறார்கள். லேசரை முதலில் தொடுகிறார்கள். அது கடைசிக்குப் பக்கத்தில் வரவேண்டிய படி.

இதில் சொல்லியிருப்பது மூன்றாம் வரிசை விளைவை, அதாவது ஒளிச்செறிவுக்கு ஏற்ப ஒளிவிலகல் எண் மாறுவதை, இசட்-ஸ்கேன் முறையில் (குவித்த கற்றையின் வழியே மாதிரியை நகர்த்திக்கொண்டே) அளப்பது. இரண்டாம் வரிசை விளைவுக்குச் சாய மூலக்கூறுகளை மின்புலத்தில் ஒரே திசையில் அடுக்க வேண்டும். சாயம் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் சாதாரண பாலிமரில் அது கிடைக்காது. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற மோனோமர். இதை இனி எம்எம்ஏ என்றே எழுதுகிறேன். இது பாலிமரானால் பிஎம்எம்ஏ, அதாவது நாம் கடைகளில் பார்க்கும் அக்ரிலிக். கூடவே பாலிமராவதைத் தொடங்கிவைக்கும் ஏஐபிஎன் என்ற தொடக்கி, கார அலுமினா, 0.2 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிகட்டி, இரண்டு கண்ணாடித் தகடுகள், நீர்த்தொட்டி, வெற்றிட அடுப்பு.

அளவீட்டுக்கு: புறஊதா-கட்புல நிறமாலைமானி, ஒற்றை முறைக் கற்றை (நடுவில் ஒளிர்ந்து ஓரத்தில் சீராக மங்கும் ஒரே வட்டப் புள்ளி) தரும் 532 நானோமீட்டர் லேசர், 10 செ.மீ குவியத்தூர லென்ஸ், நகரும் மேடை, சுருக்கி விரிக்கக்கூடிய ஐரிஸ் துளை, இரண்டு போட்டோடயோட், ஆசிலோஸ்கோப். இரண்டாவது போட்டோடயோட் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். மாலை நேரத்தில் இடி இடித்து மின்னழுத்தம் ஆடும்போது லேசரின் திறனும் கூடவே ஆடும். மாதிரிக்கு முன்பாகவே கற்றையில் ஒரு பங்கைப் பிரித்து இந்த டயோடில் விட்டு, அளவீட்டை அதனால் வகுத்துவிட்டால் அந்த ஆட்டம் மறைந்துவிடும். மழை மாதங்களில் இது இல்லாமல் மதியத்துக்கு மேல் எடுக்கும் வளைவை நம்பவே முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். எம்எம்ஏ ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சையும் உறுத்தும். புகைபோக்கி அறை இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். மலிவான பச்சை லேசர்களில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் கசியும். பச்சையை மட்டும் தடுக்கும் கண்ணாடி அணிந்து அதன் முன் நிற்பது ஆபத்து. லேசர் வாயிலேயே அகச்சிவப்பு வடிகட்டியைப் பொருத்திவிடுங்கள். அளவீட்டுக்கும் அது தேவைதான்; கசியும் அகச்சிவப்பு டயோடில் விழுந்தால் திறன் தவறாகப் பதிவாகும்.

2. சாயத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகள்

பெரும்பாலானவர்கள் எந்தச் சாயத்தின் விளைவு பெரியது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, அது எம்எம்ஏயில் கரையுமா? டிஸ்பர்ஸ் ரெட் 1 என்ற அசோ வகைச் சாயம் நன்றாகக் கரையும். ரோடமின் 6ஜி ஓர் உப்பு என்பதால் தயங்கும். கொஞ்சம் எத்தனால் சேர்க்க வேண்டியிருக்கும், அந்த எத்தனாலைப் பிறகு முழுவதும் வெளியேற்றியாக வேண்டும்.

இரண்டாவது, சூட்டைத் தாங்குமா? பிஎம்எம்ஏ ஏறத்தாழ 105 டிகிரியில் இளகத் தொடங்கினாலும், இழையாக இழுக்கும் உலை 200 டிகிரி அளவில் இருக்கும். அங்கே சிதையும் சாயம் அறை வெப்பநிலையில் எவ்வளவு அழகான எண்ணைத் தந்தாலும் பயனில்லை. சாயத்தை வெப்ப எடையிழப்புச் சோதனைக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாவது, எந்த அலைநீளத்தில் வேலை செய்யப் போகிறீர்கள்? பிஎம்எம்ஏ இழையில் ஒளி ஓரளவு தூரம் போகக்கூடிய சன்னல்கள் 520, 570, 650 நானோமீட்டர் பக்கம் இருக்கின்றன. அகச்சிவப்புக்குப் போனால் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வுகள் ஒளியைத் தின்றுவிடும். டிஸ்பர்ஸ் ரெட் 1 பிஎம்எம்ஏயில் 490 நானோமீட்டர் பக்கம் உச்சமாக உறிஞ்சும். 532இல் அளந்தால் உறிஞ்சலின் சரிவிலேயே நிற்கிறீர்கள். 650இல் அதன் வாலில் நிற்கிறீர்கள். இந்த வேறுபாடு கடைசிப் படியில் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

3. தகடு வார்த்தல்

சாயக் கரைசலைச் சுழற்றிப் படலமாகப் பூசுவது விரைவான வழி. ஆனாலும் முதல் அளவீட்டுக்குப் படலம் வேண்டாம் என்பேன். நம் ஊர் ஈரப்பதத்தில் சட்டென ஆவியாகும் கரைப்பானைப் பயன்படுத்தினால், படலம் குளிர்ந்து நீர்த்துளி படிந்து பால்போல வெளுத்துவிடும். அதைவிட முக்கியமான காரணம்: தகடு வார்க்கும் வேதியியல்தான் இழைக்கான பிரீஃபார்ம் (இழையாக இழுக்கப்படும் பருத்த உருளை) வார்க்கும் வேதியியலும். தகட்டில் கண்டது அப்படியே அங்கே பொருந்தும்.

வரிசை இதுதான்.

எம்எம்ஏவைக் கார அலுமினா வழியாக விடுங்கள். பாட்டிலில் கெட்டியாகாமல் இருக்கச் சேர்த்திருக்கும் தடுப்பி அதில் தங்கிவிடும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு, இறுகவில்லையே என்று தொடக்கியைக் கூட்டிக் கூட்டிப் போடுபவர்கள் நிறைய. தடுப்பி தீர்ந்த கணத்தில் அவ்வளவு தொடக்கியும் ஒரேயடியாக வேலை செய்து, தகடு முழுக்கக் குமிழியாகிவிடும்.

பிறகு சாயத்தைக் கரையுங்கள். எடையில் 0.01 விழுக்காடு, 0.05, 0.1 என்று குறைந்தது மூன்று செறிவுகள், அத்துடன் சாயமே இல்லாத ஒரு வெற்றுத் தகடு. வெற்றுத் தகட்டை விட்டுவிடத்தான் எல்லாருக்கும் மனம் வரும். அது இல்லாமல் பின்னால் எந்த எண்ணையும் சாயத்தின் கணக்கில் எழுத முடியாது.

ஏஐபிஎன் எடையில் 0.1 முதல் 0.2 விழுக்காடு போதும். பென்சாயில் பெராக்சைடு எளிதாகக் கிடைக்கும்தான், ஆனால் அது சாயத்தை ஆக்சிஜனேற்றி நிறத்தை வெளுத்துவிடும். நைட்ரோ குழு உள்ள சாயங்கள் பாலிமராவதையே மந்தமாக்கும். டிஸ்பர்ஸ் ரெட் 1 அந்த வகை, ஆகவே வெற்றுத் தகட்டைவிட அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

வடிகட்டி, நைட்ரஜன் குமிழவிட்டு, ஆக்சிஜன் போன பிறகு கண்ணாடி அச்சில் ஊற்றுங்கள். தகடுகளுக்கு நடுவே 0.5 மில்லிமீட்டர் டெஃப்லான் இடைப்பட்டை. சுற்றுவட்டாரம் முழுக்க ரப்பர் கிடைக்கிறதே என்று இயற்கை ரப்பர்ப் பட்டையை வைக்காதீர்கள். எம்எம்ஏ பட்டால் அது ஊதிப்போகும், அதிலிருந்து கசிவதெல்லாம் மாதிரிக்குள் கலக்கும்.

நீர்த்தொட்டியில் 45 முதல் 50 டிகிரியில், அவசரப்படாமல் ஓரிரு நாள் விடுங்கள். கரைசல் தடிக்கத் தொடங்கியதும் வினை தானாகவே வேகமெடுக்கும். அந்த நேரத்தில் தொட்டி 70 டிகிரியில் இருந்தால் உள்ளே எம்எம்ஏ கொதித்துவிடும். அதன் கொதிநிலை 101 டிகிரிதான். இறுகியபின் படிப்படியாக ஏற்றி, கடைசியில் வெற்றிட அடுப்பில் 110 டிகிரி வரை கொண்டுபோய் மெதுவாகக் குளிர விடுங்கள். மிச்ச மோனோமர் வெளியேறும், உள்ளே தேங்கிய அழுத்தமும் தளரும். எம்எம்ஏ பாலிமராகும்போது கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அச்சு அதற்கு ஏற்ப நெருங்கி வர இடம் தராவிட்டால் தகடு கண்ணாடியை விட்டுப் பிய்ந்து, பரப்பு அலையலையாகிவிடும்.

வார்த்த தகட்டைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். பிஎம்எம்ஏ நீரை உறிஞ்சும். ஒரு வாரம் திறந்து கிடந்த தகடும் அன்று வார்த்த தகடும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

4. நேரியல் உறிஞ்சல்: லேசருக்கு முன்பு

நிறமாலைமானியில் சாயத் தகட்டை அளக்கும்போது ஒப்பீட்டுப் பக்கத்தில் வெற்றுத் தகட்டை வையுங்கள். பிஎம்எம்ஏயின் ஒளிவிலகல் எண் 1.49, ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். வெற்றுத் தகடும் அதையே செய்வதால் அந்த இழப்பு கழிந்துவிடும்.

கருவி காட்டுவது உறிஞ்சளவு. நமக்கு வேண்டியது உறிஞ்சல் குணகம். உறிஞ்சளவை 2.303ஆல் பெருக்கி, தடிமனால் வகுக்க வேண்டும். இந்த 2.303ஐ மறப்பதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்த்திருக்கும் பிழை. மறந்தால் கடைசி விடை எந்த அறிகுறியும் காட்டாமல் தவறாகும்.

மூன்று செறிவுகளுக்கும் குணகத்தைக் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். நேர்கோடு வந்தால் சாய மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கின்றன. கோடு வளைந்தாலோ, உச்சம் இடம் மாறினாலோ அவை கொத்துக்கொத்தாகச் சேர்கின்றன என்று பொருள். அந்தச் செறிவை விட்டுவிடுங்கள். கொத்துகள் ஒளியைச் சிதறடிக்கும், இழையில் அது சுத்த இழப்பு.

5. கற்றையை அளத்தல்

மாதிரி இல்லாமல், கத்தி முனையை மேடையில் பொருத்திக் கற்றைக்குக் குறுக்கே நகர்த்தி, குவியப் புள்ளியின் ஆரத்தை அளந்துவிடுங்கள். கணக்குப்படி என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 532 நானோமீட்டர் கற்றை 10 செ.மீ லென்ஸ் வழியாகப் போனால் குவிய ஆரம் ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர், ரேலி நீளம் (கற்றை பெரிதாக விரியாமல் குவிந்தே இருக்கும் தூரம்) 1.7 மில்லிமீட்டர். அளந்தது இதைவிட மிகப் பெரிதாக இருந்தால் கற்றை ஒற்றை முறையில் இல்லை, அல்லது லென்ஸ் சாய்ந்திருக்கிறது.

இந்த ஆரம் விடையில் இருமடியாக நுழைகிறது. ஆரத்தில் 10 விழுக்காடு தவறினால் ஒளிச்செறிவில் ஏறத்தாழ 20 விழுக்காடு தவறும். லேசர் தயாரிப்பாளர் தாளில் போட்ட எண்ணை அப்படியே எடுத்தாளாதீர்கள்.

மாதிரியின் தடிமன் ரேலி நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 0.5 மில்லிமீட்டர் தகடு வார்த்தோம்.

6. இசட்-ஸ்கேன்

முதலில் ஐரிஸை முழுவதும் திறந்து வைத்து, எல்லா ஒளியையும் டயோடில் சேர்த்து, தகட்டைக் குவியத்தின் இரு பக்கமும் 10 மில்லிமீட்டர் வரை நகர்த்துங்கள். குவியத்தில் பள்ளம் விழுந்தால் ஒளிச்செறிவு கூடக் கூட உறிஞ்சல் கூடுகிறது. மேடு வந்தால் உறிஞ்சல் தெவிட்டுகிறது. பிறகு ஐரிஸைச் சுருக்கி அதே ஓட்டம். மூடிய வளைவைத் திறந்த வளைவால் வகுத்தால் மிஞ்சுவது ஒளிவிலகலின் பங்கு.

தகடு லென்ஸ் பக்கமிருந்து டயோடை நோக்கி நகரும்போது குவியத்துக்கு முன் உச்சமும் பின் பள்ளமும் வந்தால் ஒளிவிலகல் எண் குறைகிறது. முன் பள்ளமும் பின் உச்சமும் வந்தால் கூடுகிறது. மேடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தாளில் குறித்து வைக்காவிட்டால் குறி தலைகீழாகிவிடும்.

ஒவ்வொரு தகட்டுக்கும் மிகக் குறைந்த திறனில் ஓர் ஓட்டம் எடுத்து, அதைக் கழியுங்கள். கீறல், தூசி, பரப்பின் அலை எல்லாம் அதில் தெரியும். தோட்டத்து மண்சாலையின் சிவப்புத் தூசி சன்னல் வழியே வந்து தகட்டில் ஒட்டினால், அதுவும் அழகான உச்சமும் பள்ளமும் வரைந்து காட்டும். ஆனால் திறனைக் குறைத்தாலும் அந்த வளைவு குறையாது; அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் வெற்றுத் தகடு. அதன்பின் சாயம், குறைந்த செறிவிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு திறன்களில் எடுத்து, உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வேறுபாடு திறனோடு நேர்விகிதத்தில் வளர்கிறதா என்று பாருங்கள். புள்ளிக்குப் புள்ளி ஒளிமறைப்பானை மூடித் திறங்கள். அசோ சாயங்கள் ஒளியில் வடிவம் மாறும், வெளுக்கவும் செய்யும். திரும்பி வரும் ஓட்டம் போன ஓட்டத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மாதிரி நடுவிலேயே மாறிவிட்டது.

கணக்கு இப்படி. உயர வேறுபாட்டை 0.406ஆலும், ஒன்றிலிருந்து ஐரிஸ் விடும் ஒளிப் பங்கைக் கழித்ததன் நான்காம் மூலத்தாலும் வகுத்தால் குவியத்தில் ஏற்படும் கட்ட மாற்றம் (ஒளியலை எவ்வளவு முன்பின் தள்ளிப்போகிறது என்ற அளவு) கிடைக்கும். அதை அலை எண் (2π/அலைநீளம்), குவியத்தின் ஒளிச்செறிவு, பயனுறு தடிமன் (உறிஞ்சலால் ஒளி தேய்வதைக் கணக்கில் கொண்ட தடிமன்) மூன்றின் பெருக்கலால் வகுத்தால் நேரியலற்ற ஒளிவிலகல் குணகம்.

ஓர் எடுத்துக்காட்டு. திறன் 10 மில்லிவாட், ஒளிச்செறிவு சதுர செ.மீக்கு 2.2 கிலோவாட். வேறுபாடு 0.2, ஐரிஸ் விடும் பங்கு 0.3. கட்ட மாற்றம் 0.54 ரேடியன். உறிஞ்சல் குணகம் செ.மீக்கு 10 என்றால் பயனுறு தடிமன் 0.039 செ.மீ. குணகம் வாட்டுக்கு ஏறத்தாழ 5×10⁻⁸ சதுர செ.மீ.

7. வந்த எண் யாருடையது?

இந்த இடத்தில்தான் மாணவர்கள் ஓடி வருவார்கள்: "அண்ணே, கண்ணாடி இழையைவிட இருபது கோடி மடங்கு பெரிசா வருது!" உண்மைதான். கண்ணாடி இழையின் பொருளான சிலிக்காவின் குணகம் வாட்டுக்கு 2.6×10⁻¹⁶ சதுர செ.மீ அளவு, வகுத்தால் இருபது கோடி வருகிறது. ஆனால் அந்த எண் சாயத்தின் எலெக்ட்ரான்கள் தந்தது அல்ல. சாயம் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, சுற்றியுள்ள பிஎம்எம்ஏயையும் சூடாக்குகிறது. பிஎம்எம்ஏயின் ஒளிவிலகல் எண் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். நீங்கள் அளந்தது அந்த வெப்ப லென்ஸை. தொடர் லேசரில் 10⁻⁸ அளவில் எதிர்க்குறியோடு வரும் எந்த எண்ணையும் முதலில் வெப்பம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி உறுதி செய்வது? நேரத்தைப் பாருங்கள். தகட்டை உச்சம் வந்த இடத்தில் நிறுத்தி, கற்றையைச் சட்டெனத் திறந்து, ஐரிஸுக்குப் பின்னால் உள்ள டயோடை ஆசிலோஸ்கோப்பில் கவனியுங்கள். 17 மைக்ரோமீட்டர் ஆரத்துக்கு பிஎம்எம்ஏயில் வெப்பம் பரவும் நேரம் ஒரு மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவு. டயோடின் அளவு மில்லிவினாடிகளில் மாறினால் வெப்பம். வினாடிகளாக மெல்ல மெல்ல மாறினால் அசோ சாயம் வடிவம் மாறுகிறது அல்லது வெளுக்கிறது. எலெக்ட்ரான்களின் பங்கு இந்தக் கருவிகளின் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் உடனே வந்துவிடும்.

எலெக்ட்ரான் பங்கு வேண்டுமானால் பிகோவினாடி அல்லது ஃபெம்டோவினாடித் துடிப்பு தேவை. அதிலும் வினாடிக்கு எத்தனை துடிப்பு என்று பாருங்கள். 80 மெகாஹெர்ட்ஸில் அடிக்கும் லேசரில் ஒரு துடிப்பின் சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்து சேரும், திரும்பவும் வெப்ப லென்ஸ்தான். நானோவினாடித் துடிப்பும் முழுத் தீர்வு அல்ல. சூட்டால் எழும் ஒலி அலை அதே நேரத்துக்குள் புள்ளியைக் கடந்துவிடும். இந்த லேசர்கள் சின்ன ஊர்களில் கிடைக்காது, பெரிய பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அங்கே போகும்போது வெற்றுத் தகட்டையும், அளவுதிருத்தத்துக்கு ஒரு சிலிக்காத் தகட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

வெப்ப விளைவை வீண் என்று நான் சொல்லவில்லை. மெதுவான ஒளித் தடுப்பானுக்கு அது பயன்படும். அதை அதன் பெயரிலேயே எழுதுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

8. இழைக்கு மாற்றும் கணக்கு

செ.மீக்கு 10 என்ற உறிஞ்சல் குணகம் இழையில் என்ன செய்யும்? 4.343ஆல் பெருக்கினால் டெசிபல் வரும்: செ.மீக்கு 43 டெசிபல். ஒரே செ.மீ தூரத்தில் ஒளி இருபதாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். வெறும் பிஎம்எம்ஏ இழையில் 650 நானோமீட்டரில் இழப்பு மீட்டருக்கு ஒரு டெசிபலின் சிறு பங்குதான்.

மீட்டருக்கு 10 டெசிபல் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால், உறிஞ்சலை ஏறத்தாழ 430 மடங்கு குறைக்க வேண்டும். ஒன்று சாயத்தின் செறிவைக் குறைக்க வேண்டும், அல்லது அலைநீளத்தை உறிஞ்சல் வாலுக்கு நகர்த்த வேண்டும். செறிவைக் குறைத்தால் விளைவும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே அலைநீளத்தை நகர்த்துவதுதான் சரியான வழி: உச்சத்தை விட்டு விலகும்போது உறிஞ்சல் வேகமாக விழும், எலெக்ட்ரான் விளைவு அவ்வளவு வேகமாக விழாது.

ஒரு சோதனை எண் உதவும். நேரியலற்ற ஒளிவிலகல் குணகத்தை ஒளிச்செறிவால் பெருக்கி, உறிஞ்சல் குணகமும் அலைநீளமும் சேர்ந்த பெருக்கலால் வகுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால்தான் ஒளி தேய்ந்துபோவதற்குள் பயனுள்ள கட்ட மாற்றம் கிடைக்கும். மேலே போட்ட எடுத்துக்காட்டில் இது 0.2தான் வருகிறது. இருபது கோடி மடங்கு எண் இருந்தும் தேறவில்லை. இரு ஃபோட்டான் உறிஞ்சலுக்கும் (ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்கள் உறிஞ்சப்படுவதற்கும்) ஒரு தேர்வு உண்டு: அதன் குணகத்தை அலைநீளத்தாலும் 2ஆலும் பெருக்கி, ஒளிவிலகல் குணகத்தால் வகுத்தால் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும்.

எவ்வளவு திறன் வேண்டும் என்பதையும் போட்டுப் பாருங்கள். குணகம் வாட்டுக்கு 10⁻¹⁴ சதுர செ.மீ, உட்கரு விட்டம் 8 மைக்ரோமீட்டர், நீளம் ஒரு மீட்டர், இழப்பு 10 டெசிபல், அலைநீளம் 650 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இழப்பினால் பயனுறு நீளம் 39 செ.மீ ஆகிவிடும். பை அளவு கட்ட மாற்றத்துக்கு 40 வாட்டுக்குச் சற்று மேல் உச்சத் திறன் தேவை. குறுந்துடிப்பில் இது எளிது, தொடர் லேசரில் நடக்காது. ஒளி பல முறைகளில், அதாவது பல பரவல் வடிவங்களில், ஓடும் தடித்த இழையில் இந்தக் கணக்கே பொருந்தாது. ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வொரு கட்டம்.

9. பிரீஃபார்மும் இழுப்பும்

பிஎம்எம்ஏ உருளை வார்க்கும்போதே நடுவில் ஒரு டெஃப்லான் கம்பியை நிறுத்தி, இறுகியபின் உருவிவிட்டால் துளை கிடைக்கும். அதில் சாயக் கரைசலை நிரப்பி மீண்டும் பாலிமராக்குங்கள். இழுக்க வேண்டியிருப்பதால் இம்முறை சங்கிலி நீளத்தைக் கட்டுப்படுத்தும் தையால் சேர்மம் கொஞ்சம் வேண்டும். அது இல்லாவிட்டால் உருகல் இறுகிப்போய் இழை அறுந்துகொண்டே இருக்கும்.

இழுக்கும் முன்பு பிரீஃபார்மை வெற்றிட அடுப்பில் நன்றாக உலர்த்துங்கள். மிச்ச நீரும் மோனோமரும் உலையில் குமிழியாகி வெளியே வரும்.

இழை வந்ததும் இழப்பை வெட்டிக் குறைக்கும் முறையில் அளந்துவிடுங்கள். நீளமான இழையின் முனையில் திறனைக் குறித்து, நுழைமுனையைத் தொடாமல் பாதியில் வெட்டி மறுபடி குறியுங்கள். வெட்டும் பிளேடைச் சற்றுச் சூடாக்கினால் முனையில் வெடிப்பு விழாது. கிடைத்த இழப்பை நான்காம் படியில் எடுத்த நிறமாலையோடு ஒப்பிடுங்கள். சாயத்தின் உறிஞ்சல் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் உலையில் ஒரு பங்கு சிதைந்துவிட்டது. செறிவை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள். உறிஞ்சல் பொருந்தியும் மொத்த இழப்பு எல்லா அலைநீளத்திலும் கூடியிருந்தால் அது சிதறல். அப்போது வடிகட்டலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.